திரையிடம் கேட்ட கேள்வி

மட்டாஞ்சேரி, 12.7.1998

அன்புள்ள அம்மாவுக்கு, சுடலைமணியின் வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

சிரிக்க ஒரு சங்கதி. இடப்பள்ளி ஓட்டலில் புதிய கம்ப்யூட்டர் அறிமுக விழா. கைதட்ட எங்கள் கடை ஆட்களைக் கூட்டிப் போனார்கள். பெரிய திரையில் கம்பெனி முதலாளி, "ஏதாவது சந்தேகமா?" என்றார். நான் எழுந்து, "ரிப்பேரானால் யார் சார் பார்ப்பது?" என்றேன். "நல்ல கேள்வி" என்று அவர் வேறெதையோ சொன்னார். கூட்டமே சிரித்தது.

"எடா, அது முன்னாடியே எடுத்த வீடியோ அல்லே? இரிக்கெடா!" என்று என்னை உட்காரச் சொன்னார் எங்கள் மேனேஜர் சிஜு சேட்டன்.

நாங்கள் மட்டும் நேரில் வர வேண்டுமாம்.

அம்மா, இனி கேசட்டில் பேசி அனுப்ப வேண்டாம். பக்கத்துக் கடைக்கு போன் போடுங்கள். கேசட்டில் "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டுச் சற்று நிறுத்துகிறீர்கள். "இல்லம்மா" என்கிறேன். "சரி, சந்தோசம்" என்கிறீர்கள்.

கடை திறக்க வேண்டும்.

மணி