மண்டலக் கணக்கில் அடங்காத மருந்து

ஜவ்வாது மலை
மார்கழி 9, புதன்கிழமை

அன்பு மகன் பிரகாஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவும் நானும் மாடு இரண்டும் வேடியப்பன் புண்ணியத்தில் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், அங்கே புனேயில் நீயும் மருமகள் அருணாவும் பாப்பாவும் முழுச் சுகத்தோடு இருக்க வேண்டும். ஓரளவு என்று எழுதியதைப் பார்த்துப் பயப்படாதே, ஒவ்வொரு கடிதத்திலும் நலம் நலம் என்று எழுதிய அதே கைதான், இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதுகிறது. போனில் சொல்லலாமே என்பாய். இங்கே டவர் கிடைப்பது பால் சொசைட்டி எதிரில் மட்டும், அங்கே நின்று பேசினால் நாலு பேர் பால் கேனைக் கையில் பிடித்தபடி காது கொடுப்பார்கள், அதனால்தான் அன்றைக்கு நீ சொன்னதற்கெல்லாம் ம் ம் என்று கேட்டுக்கொண்டேன். ம் என்றால் சம்மதம் என்று நினைத்துக்கொள்ளாதே. மூன்றாவது வரை படித்தவள் நாலு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அது கார்த்திகை பதினெட்டு, வியாழக்கிழமை சாயங்காலம். நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. ‘வுட்டுடும்மா, அந்த மாத்திரயெல்லாம் பழக்கமாய்டும், அப்புறம் அதுக்கு அடிமையாய்டுவ, காலாற நடந்துட்டு வா, சாமி கும்புடு, தானா சரியாப் பூடும்’ என்றாய். அடிமை என்ற சொல்லை நான் மறக்க மாட்டேன். நான் எதையும் மறப்பதில்லை என்று உனக்குத் தெரியும். நீ பிறந்த இருபதாம் நாள் உன் அத்தை மங்கம்மாள் வாசலில் நின்று, ‘வேலைக்கு பயந்துகினு சுருண்டு படுத்துகினு கீறா’ என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள், அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மாம்பழக் கலர்ச் சேலை, கையில் சாமை புடைக்கிற முறம், முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது, அந்த முறத்தின் ஓரத்தில் சாணி மெழுகியது பெயர்ந்திருந்ததுகூட எனக்குத் தெரியும். எனக்கு இந்த நோய் முதல் தடவை வந்தது அப்போதுதான்.

இது எப்படி வருகிறது என்று யாருக்கும் சொன்னதில்லை, உனக்குச் சொல்கிறேன். மலையில் மூடுபனி கீழே இருந்து ஏறி வருமே, முதலில் பள்ளத்துப் பலாமரம் மறையும், பிறகு மாட்டுக் கொட்டகை, பிறகு வாசல், பிறகு நம் கையே நமக்குத் தூரமாக இருப்பது போல ஆகும், அப்படித்தான் வரும். வலி கிடையாது. உன் அப்பா பேசுவது கேட்கும், பதில் வாய் வரைக்கும் வரும், வந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். கோழி கூவும், விடிந்தது தெரியும், விடிந்தால் என்ன என்று இருக்கும். முதல் தடவை ஆறு மாதம். இரண்டாம் தடவை என் அம்மா செத்த வருஷம், எட்டு மாதம், நீ அப்போது ஐந்தாவது படித்தாய். பிள்ளை பெற்ற உடம்பு, தாய் போன துக்கம் என்று அந்த இரண்டுக்கும் ஊரில் ஒரு காரணம் சொன்னார்கள், நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பங்குனியில் வந்ததற்குக் காரணமே இல்லை. புளி கிளை ஒடியக் காய்த்திருந்தது, பசு கன்று போட்டிருந்தது, பாப்பா போனில் ஆயா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். எல்லாம் நன்றாக இருக்கும்போதே பனி ஏறி வந்தது. அதனால்தான் பயந்துபோய், சித்திரையில் உன் அப்பா கூப்பிட்டதும் மறுபேச்சு பேசாமல் போளூருக்குப் பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் மாதம் இரண்டு நாள் வந்து பார்க்கிற டாக்டரம்மா, பிரியதர்ஷினி என்று பெயர், உன்னைவிட வயதில் சின்னவள். மாத்திரை கொடுத்து மாசாமாசம் வாங்கம்மா என்றாள். நான் தப்புப் பண்ணியது இங்கேதான். நம் மலையில் வேரானாலும் பட்டையானாலும் எந்த மருந்துக்கும் எல்லை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அதைத் தாண்டித் தின்றால் மருந்தே விஷமாகும் என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். டாக்டரம்மா பத்தியம் சொல்லவில்லை, சொல்ல மறந்துவிட்டாள் என்று நானே வைத்துக்கொண்டேன். கருவாடு இல்லை, கத்திரிக்காய் இல்லை, புளி இல்லை, சாவு வீட்டு வாசல் மிதிக்கவில்லை. முப்பதாம் நாள் வாக்கில் பனி விலகத் தொடங்கியது, பலாமரம் தெரிந்தது, அதில் எத்தனை காய் என்று எண்ணினேன். நாற்பத்தெட்டாம் நாள் உன் அப்பா வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத் தலையில் ஊற்ற முழுகினேன், வேடியப்பனுக்குச் சேவல் அறுத்து எட்டு வீட்டுக்குச் சோறு போட்டேன், மீதி மாத்திரையை ஓடையில் விட்டேன். உன் அத்தை இரண்டு தடவை குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்டு, ‘நோய் போச்சோ இல்லியோ, நல்ல சேவல் ஒண்ணு போச்சு’ என்றாள். இதையும் மனசில் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாளே தலைக்குள் கரண்ட் வேலியைத் தொட்டது போலச் சுரீர் சுரீர் என்றது, பத்தியம் முறித்ததால் என்று நினைத்தேன். அதுவும் அடங்கியது. ஆடி முடியும்போது பனி திரும்பி வந்தது, முன்னைவிடக் கெட்டியாக. யாரிடம் சொல்வேன், முழுகிச் சோறு போட்டு நோய் தீர்ந்தது என்று ஊருக்கு அறிவித்தவள் நான். ஐப்பசியில் சாமை முற்றிக் கதிர் தலை சாய்ந்து கிடந்தது, என்னைக் காவலுக்கு விட்டுவிட்டு உன் அப்பா தேன் எடுக்கப் போனார். குருவிகள் வந்தன. ஒரு கூட்டம் இறங்கும், காற்றில் துணி உதறுவது போல எழும், மறுபடி இறங்கும், வெயிலில் அதுகளின் வயிறு மின்னும், பார்க்க அழகாகக்கூட இருந்தது. விரட்ட வேண்டும் என்று தெரியும், பக்கத்தில் தகரம் கிடந்தது, கோல் கிடந்தது. கை எழவில்லை. பொழுது சாயும் வரை நம் சாமையைக் குருவிகள் தின்ன நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இப்படியே நானும் இல்லாமல் போய்விட்டால் எவ்வளவு அமைதி என்று தோன்றியது. பதறாதே கண்ணு, அந்த நினைப்பை மறுநாளே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன், உன் அப்பாவுக்கும் தெரியும். அவர் வந்து தகரத்தைத் தட்டினார், மறுநாள் டாக்டரம்மா வருகிற நாள், காலையில் முதல் பஸ்ஸுக்கு என் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார்.

மண்டலக் கதையைக் கேட்டு டாக்டரம்மா முதலில் சிரித்தாள், அதை நான் மறக்க மாட்டேன். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ‘இது எத்தனை நாளைக்குன்னு நான் முதல்லயே சொல்லியிருக்கணும், என் தப்புதாம்மா’ என்றாள், அதையும் மறக்க மாட்டேன். எத்தனை மண்டலம் சாப்பிட வேண்டும் என்று கேட்டேன். மூன்றாவது தடவை வந்திருப்பதால் நன்றான பிறகும் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும், அப்புறம் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலாம், சிலருக்கு இன்னும் நெடுநாள்கூட ஆகும், எதுவானாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது, நிறுத்துவதானால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்றாள். பத்தியம் கிடையாதாம், கருவாடு தின்னலாமாம். எனக்குக் கருவாடு தின்கிற சந்தோஷம்கூட வரவில்லை. காலம் முழுக்க என்றால் நான் யார், கெங்கம்மாளா, மாத்திரை தின்ற கெங்கம்மாளா என்று பஸ் வளைவுக்கு வளைவு யோசித்துக்கொண்டே மலை ஏறினேன்.

தின்றேன். மாத்திரை உள்ளே போனதும் கனவுகள் வந்தன. என் அம்மா புளியங்கிளையில் உட்கார்ந்து தலை வாருகிறாள், கீழே கடுக்காய் உதிர்கிறது, ஒன்றுக்கும் சத்தமே இல்லை, அவள் மடியில் பச்சைச் சேலை, அந்தப் பச்சையை நான் கண் விழித்து எங்கும் பார்த்ததில்லை. கனவில் அத்தனை நிறம், ஆனால் பகலில் அழுகை வரவில்லை. மேலூர்ப் பெரியம்மா செத்த அன்று போனேன், இந்த மலையில் என் ஒப்பாரிக்கு நாலு ஊர்ப் பெண்கள் நின்று கேட்பார்கள், அன்றைக்குச் சொல் எல்லாம் வந்தது, கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மங்கம்மாள் விடுவாளா, ‘இன்னாடி கெங்கா, கண்ணுல தண்ணிய நிறுத்தவும் மாத்திர குடுத்துட்டாங்களா’ என்றாள். என்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு அழ முடியாமல் வந்தேனே என்று நொந்துதான் அந்த வியாழக்கிழமை உனக்குப் போன் செய்தேன். நீ அடிமை என்றாய்.

அதற்குப் பிறகு எட்டு நாள் யோசித்தேன், ஒரு நாளும் மாத்திரையை விடவில்லை. டாக்டரம்மாவிடம் போய் அழுகை வராததைப் பற்றிக் கேட்டேன். சிரிக்கவில்லை, அப்படிச் சிலருக்கு ஆவது உண்டு, அளவைக் குறைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் வேறு மாத்திரை மாற்றலாம் என்று சொல்லிக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாள். நான் முடிவு பண்ணிவிட்டேன் பிரகாஷ். இரண்டு வருஷம் தின்பேன். அதற்கு மேலும் வேண்டும் என்றால் சாகும் வரைக்கும் தின்பேன். உன் அத்தை பதினோரு வருஷமாகப் பிரஷருக்கு மாத்திரை தின்கிறாள், அவளை அடிமை என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. பனிக்குள் இருந்த மூன்று தடவையும் கூட்டினால் என் வாழ்வில் இரண்டு வருஷத்துக்குக் கிட்ட வருகிறது, உன் முதல் சிரிப்பு அதில் போயிற்று, நீ எப்போது சிரித்தாய் என்று மங்கம்மாளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை எனக்கு இன்னொரு தடவை வர வேண்டாம். சாவு வீட்டில் அழாமல் போனால் போகட்டும், செத்தவள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

உன்மேல் கோபம் இருக்கிறது, அது இருக்கும். நீ பயந்து சொன்னாய் என்றும் தெரிகிறது. தைப்பொங்கலுக்கு வந்தால் என்னோடு போளூருக்கு வா, உன் சந்தேகத்தையெல்லாம் டாக்டரம்மாவிடமே கேள், அவளும் பேசுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். அருணாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, மறைக்காதே, பெண்பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அங்கே குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள், பாப்பாவுக்குக் காதை மூடிவிடு. உன் அப்பா சாமை குத்தி வைத்திருக்கிறார், குருவி தின்றது போக இருக்கிறது, வரும்போது எடுத்துப் போகலாம்.

இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை, ஒரே ஒரு சேதி சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை காகிதம் எடுத்தேன், பழசெல்லாம் முந்திக்கொண்டது. அன்றைக்குக் காலையில் எனக்குப் பசித்தது. யாரும் சாப்பிடு என்று சொல்லவில்லை, நானே எழுந்து போய்ப் பழைய கூழைக் கரைத்துப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தேன், போதாமல் மறுபடியும் ஊற்றினேன். உன் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்.

நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல், வயிறார உண்டு, உறக்கம் கெடாமல் இருக்க வேடியப்பன் துணை இருக்கட்டும். தை இரண்டாம் சனிக்கிழமை எனக்கு மாத்திரை வாங்கப் போகிற நாள், எழுதி வைத்துக்கொள், டிக்கெட்டை அதற்குத் தகுந்தாற்போல் போடு.

பசித்து எழுந்த உன் அம்மா,
பஞ்சாட்சரம் கெங்கம்மாள்