அவள் சொல்ல வேண்டிய பாதி

இன்று சாயங்காலம் வீடெங்கும் வேகவைத்த மல்லாட்டை வாசனை. உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டதும், கீழ்பென்னாத்தூர்ச் சரக்கா இல்லையா என்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் போன பிறகு இந்த வாசனை வேங்கிக்கால் வீட்டுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை.

காதலர் இருவரும் சாகிற அந்தப் பழைய நாடகத்தை, உங்கள் தமிழாக்கத்திலேயே மறுபடி மேடையேற்றப் போகிறார்கள். அதில் ஒரு மாற்றம் செய்ய என் சம்மதம் வேண்டுமாம்.

நீங்கள் அதை எழுதிய நாட்களில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாக வாசித்துக் காட்டுவீர்கள். வேதியியல் படித்த எனக்கு அந்தக் காதல் பேச்சு மிகையாகவே பட்டது.

"நிஜத்துல யாருங்க இப்படிப் பேசுவாங்க? புடிச்சிருந்தா சாப்டியான்னு கேப்பாங்க. அவ்ளோதான்."

"நீ இன்னும் கேக்கலியே" என்று காலித் தட்டைக் காட்டினீர்கள்.

நீங்கள் முதலில் எழுதிய படியில் நாயகன் நாயகியை முழுநிலா என்பான். வகுப்பில் வாசித்தபோது சிரிப்பு அடங்கவில்லையாம். அடி அண்ணாமலையிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, "பௌர்ணமின்னா எங்க ஊர்ல வீட்டுக்கு வண்டியே போவாது சார், ஒரே கிரிவல ஜனம். அன்னிக்குப் போய் எங்க லவ் வரும்?" என்றாளாம். நீங்களும் சிரித்துக்கொண்டே வந்து நிலாவை அடித்து நீக்கிவிட்டீர்கள்.

"உவமை போனா போவட்டும். காதல் அதுல இல்ல, இங்க பாரு" என்றீர்கள். அவன் ஒரு வரியைப் பாதியில் நிறுத்துகிறான். அதே தாளத்தில் அவள் மீதியைச் சொல்லி முடிக்கிறாள். இருவருக்கும் சேர்த்து ஒரே வரி. நான் நம்பாமல் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். அப்பாவிடம், தோழியிடம், பகைவனிடம் பேசும்போது எல்லாரும் தங்கள் வரியைத் தாங்களே முடித்துக்கொள்கிறார்கள். இவர்கள் இருவர் மட்டும்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். நீங்கள் சொன்னது சரிதான்.

கடைசிக் காட்சியில் அவள் இறந்து கிடக்கிறாள். அவன் பாதி வரி சொல்கிறான். அதன்பின் வெற்றிடம். "டைப் பண்ணும்போது விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்ல. மீதிய அவதானே சொல்லணும்" என்றீர்கள்.

பிள்ளைகள் மாற்றக் கேட்டது அந்த இடத்தைத்தான். இயக்குகிற பெண் தெளிவாகவே பேசினாள். "மேடம், அங்க சும்மா நின்னா வசனம் மறந்துட்டான்னு விசிலடிப்பாங்க. சார் முடிக்காம விட்டுட்டாரு போல. நாங்களே ஒரு வரி எழுதியிருக்கோம்."

அந்த வரி நன்றாகவே இருந்தது. மறுப்பது எளிதாக இல்லை. சரி என்றால் உங்கள் மௌனம் போய்விடும். கூடாது என்றால், செத்தவர் எழுத்தைத் தொடவிடாத மனைவியாகிவிடுவேன். அதனால் முதல் காதல் காட்சியிலிருந்து நடித்துக் காட்டச் சொன்னேன்.

கூடத்தில் நாயகனாக நடிக்கும் பையன் தொடங்கத் தொடங்க, நாயகியாக நடிக்கும் பெண் முடித்தாள். நாலு வரியில் அது காதுக்குப் பழகிவிட்டது. பிறகு கடைசிக் காட்சி. நம் சோபாவில் அவள் கண்மூடிப் படுத்திருந்தாள். அவன் பாதி சொல்லி நின்றான். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த இயக்குநர்ப் பெண்ணின் கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்க வரி வேணாம் மேடம்" என்றாள். "எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"அவ பதில் சொல்லிடுவான்னு அவனுக்குத் தோணுற வரைக்கும்."

அவர்கள் போனதும் தோலைப் பெருக்கி அள்ளினேன். கேட்டைப் பூட்டினேன். தினமும் வாசலிலிருந்து "கேட் பூட்டியாச்சு" என்பீர்கள். அடுப்படியிலிருந்து நான் முடித்துவைப்பேன். உங்கள் பாதியை இப்போதும் நான் சொல்வதில்லை. உள்ளே வந்து, அந்த இடத்துக்குக் கொஞ்ச நேரம் விட்டு, என்னுடையதை மட்டும் சொன்னேன்.

"கேஸும் மூடியாச்சு."