நகரத்துக்கு ஒரு கட்டம்

ஆஸ்டோரியா, குவீன்ஸ்
ஜூன் 4

அன்புள்ள போப்பிக்கு,

முழங்கால் இரண்டையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் சௌக்கியம். அங்கே பஃபலோவில் நீயும், இரண்டே நாளில் தருகிறேன் என்று எடுத்துப் போன என் பெரிய சூப் சட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நேற்றுத் தபாலில் ஒரு கவர் வந்தது. நீ வரி அலுவலகத்துக்கு அனுப்பியதுதான், ஸ்டாம்ப் ஒட்டாததால் திரும்பி வந்திருக்கிறது. பாடப் புத்தகத்துக்கு மனித எலும்பு இருநூற்றாறையும் ஒன்று விடாமல் வரைகிறவளுக்கு ஒரு ஸ்டாம்ப் ஒட்ட மறந்துவிட்டது, நல்ல லட்சணம் போ. ஆனாலும் தவணையை ஜூலையில் கட்டலாம் என்று நினைக்காமல் இருந்தாயே, அதுவரை சந்தோஷம். முப்பது வருஷமாகக் கல்யாண உடுப்பு தைத்து வரி கட்டுகிறேன், ஏப்ரலுக்கு அடுத்த காலாண்டு எப்படி ஜூனிலேயே வருகிறது என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை.

கவரைப் பிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. உள்ளே செக்கோடு இருந்த தவணைச் சீட்டில், மாநிலத்துக்கான கட்டத்தில் நானூறு டாலர், சரி, பஃபலோவும் இதே மாநிலம்தானே. அதன் கீழே நியூயார்க் நகரத்துக்கான கட்டத்தில் இருநூற்றுப் பத்து எதற்கடி? அது எங்களைப் போல இந்த நகரத்தில் குடியிருக்கிறவர்கள் கட்டுகிற வரி. நீ பஃபலோவுக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது, அங்கே நகர வரியே கிடையாது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, இந்த ஊருக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்ல உறவுமில்லன்னு வாசலில் நின்று சொன்னவள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஊருக்கு மொய் எழுதிக்கொண்டிருக்கிறாய். அப்பாவிடம் காட்டினேன். போன வருஷத்துப் படிவத்தப் பாத்து எழுதியிருப்பா, அவளுக்கு எதுலதான் கவனம், என்று முணுமுணுத்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். இருக்கலாம். ஆனால் கவர் மூலையில் அனுப்புநர் என்று நம் வீட்டு முகவரியை எழுதியிருக்கிறாயே, அதையும் எதைப் பார்த்து எழுதினாய்?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், மாடிவீட்டு டெலியாவின் தங்கைக்கு உன் அறை வாடகைக்கு வேண்டுமாம். பதினைந்தாம் தேதி சொல்கிறேன் என்றிருக்கிறேன். கவரில் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன், பெட்டியில் போடவில்லை. பஃபலோதான் உன் ஊர் என்றால் சொல், இதைக் கிழித்துவிடுகிறேன். நீ மாநிலத்துக்கு மட்டும் புதிதாக எழுதி அனுப்பு, ஏப்ரலில் நகரத்துக்குக் கட்டியதைத் திருப்பிக் கேள். நான் ஒரு நாள் அழுவேன், மறுநாள் அறையை ஒழித்துக் கொடுப்பேன். திரும்பி வருகிற எண்ணம் துளியாவது இருந்தால் அதையும் சொல். போடவா, கிழிக்கவா, எதுவானாலும் பதினைந்துக்குள் போன் செய்.

நன்றாகச் சாப்பிடு, குனிந்தே வரைந்து கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கடவுள் உனக்குத் துணையிருப்பார்.

உன் அம்மா,
எவாந்தியா

பி.கு. இதை ஒட்டப் போகும்போதுதான் டெலியா வந்து சொன்னாள். நேற்றே அப்பா மாடியேறிப் போய், எங்க பொண்ணு இந்த ஊருக்குத்தான் வரி கட்டுறா, அறை காலியில்லன்னு சொல்லிவிட்டு வந்தாராம்.