விட்காம் ஏன் ஓட்டை மாற்றிப் போட்டார்

பட்டாபிராம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சௌம்யாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் குழந்தை வெண்பாவும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவின் முழங்கால் வலி தேவலை, போன வாரம் தனியாகவே ரயிலேறி ஆவடி மார்க்கெட் போய் வந்தாள்.

நீ வேலை செய்யும் நூலகத்தில் நூறு வருடத்துக்கும் மேலாக யாராலும் படிக்க முடியாமல் கிடந்த டைரியைப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, அது சுருக்கெழுத்தேதான். முப்பத்திரண்டு வருடம் ஸ்டெனோவாக இருந்தும் முதல் இரண்டு நாள் ஒரு வரிகூட எனக்குப் பிடிபடவில்லை. ஸ்டேஷன் எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கும் கன்னியப்பனிடம் கொண்டுபோனேன். "இன்னாப்பா சிவராமா, எவனோ வெள்ளக்காரன் கிறுக்கினத வச்சிகினு சுத்திகினு கீற" என்று சிரித்தான், ஆனால் தன்னிடமிருந்த பழைய புத்தகத்தைப் புரட்டி, உயிரெழுத்துக்கு இப்போது கோட்டின் மேலே வைக்கும் புள்ளியை அந்தக் காலத்தில் கீழேயும், கீழே வைப்பதை மேலேயும் வைத்தார்கள் என்று அவன்தான் கண்டுபிடித்தான். அப்புறம் மடமடவென்று ஓடியது.

டைரியை எழுதிய இந்த நேதன் விட்காம் தோல் பதனிடும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, ராத்திரிப் பள்ளியில் சட்டம் படித்து, மூன்று முறை உங்கள் மாநிலச் சட்டசபைக்குப் போனவர். கணவன் மனைவி பிரிந்தால் பிள்ளை தகப்பனுக்கே என்பது அன்றைய சட்டம், தாய்க்கும் உரிமை வேண்டும் என்று மசோதா வந்தபோது செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் எதிர்த்துப் பேசியிருக்கிறார், வியாழக்கிழமை எழுந்து ஆதரித்து ஓட்டுப் போட்டிருக்கிறார். குடித்துவிட்டு வந்தார் என்று பத்திரிகைகள் எழுதின, காரணம் யாருக்கும் தெரியாது என்றுதானே நீயும் சொன்னாய். இடையில் இருக்கும் அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

கிடைத்தது. அவருக்கு ஹன்னா என்று ஒரு மகள். அவள் புருஷன் நாலு வயதுப் பையனைத் தன் தாய் வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டான். ஹன்னா அப்பாவிடம் வந்து அழ, சட்டம் அவன் பக்கம், பொறுத்துப்போ, திரும்பிப் போய் அவனோடு இரு என்றிருக்கிறார். அவள் போகவில்லை, பக்கத்து ஊரில் துணி தைத்துப் பிழைத்தாள். இவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போது மேலே பார்வையாளர் பெஞ்சில் அவளைப் பார்த்திருக்கிறார். "முழுவதும் கேட்டாள். எழுந்து போகும்போது சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். அதற்குமேல் எனக்குத் தூக்கமில்லை" என்று எழுதியிருக்கிறார். மசோதா பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது, அவர் ஓட்டால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அடுத்த தேர்தலில் சொந்த ஊர்க்காரர்களே அவரைத் தோற்கடித்தார்கள். நாலு வருடம் கழித்து அதே சட்டம் நிறைவேறிய நாளில் அவர் மறுபடி அந்தத் தோல் பட்டறையில் இருந்தார். பையன் ஹன்னாவிடம் வந்தானா? இல்லையா? தேர்தலில் தோற்ற மறுவாரம் அவள் வீட்டுக்குப் போனதாக ஒரு பக்கம் இருக்கிறது. "ரொட்டி கொடுத்தாள். ஓட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை." அவ்வளவுதான். ஏனம்மா சொல்லவில்லை அந்த மனுஷர்? அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றவருக்கு, மகள் எதிரில் ஒரு வார்த்தை வரவில்லையா? மீதிப் பக்கங்கள் இருந்தால் உடனே அனுப்பு.

அதைத் தமிழில் எழுதி முடித்த கையோடு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளை தினகரனைவிட்டுப் பிரியப்போகிறேன் என்று நீ போன் செய்த அன்று, குழந்தைக்காகக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் வெயில், மழை, வெண்பாவின் பல், எல்லாம் பேசுகிறோம், அதை மட்டும் நீ பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. அன்று நான் சொன்னது தப்பு, சௌம்யா. நீ செய்ததுதான் சரி. இந்த இடம்வரை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதச் சொல்ல ஒங்களுக்கு ரெண்டு வருஷமா" என்று கேட்டாள்.

வெண்பாவுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. நீயும் வேளைக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பக்கம் இருக்கும் அப்பா,
சிவராமன்