எங்கள் வீட்டுக்கு வந்த சுண்ணாம்பு

என் பிரியமுள்ள அக்கா எலிசபெத்துக்கு,

குடியிருப்பவர்களை மாற்றும் எண்ணம் இல்லாமல் சுரங்கக் கம்பெனியின் ஒரு லைன் வீட்டுக்கு யாராவது சுண்ணாம்பு அடிப்பார்களா? காலையிலிருந்து இதையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கலாம். இந்தத் தங்கவயலுக்கு என்னைவிட முன்னால் வந்தவள் நீ.

நீ கண்ணை மூடிய பிறகும் இங்கே வழக்கம் மாறவில்லை. கம்பெனி வீட்டில் ஒரு குடும்பம் எத்தனை வருஷம் இருந்தாலும் சுவரை யாரும் தொடுவதில்லை. தங்கம் எடுத்த பின் கொட்டிய சயனைடு மேட்டுத் தூள் படிந்து படிந்து சுவர் சாம்பல் நிறமாகிவிடும். அவர்கள் காலி செய்த மறுநாள்தான் ஸ்டோரிலிருந்து சுண்ணாம்பு வாளி வரும். அதற்கு மறுநாள் புதுக் குடும்பம் வரும். அதனால் வாளியைக் கண்டாலே லைனில் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். இன்று அந்த வாளி நம் வாசலில் வந்து இறங்கியது.

இரண்டு ஆட்கள் வெளிச்சுவரை அடித்து முடித்தார்கள். "நாளைக்கு உள்ள அடிக்கணும். சாமானெல்லாம் வெளிய எடுத்து வச்சிடுங்கம்மா" என்றான் ஒருவன். யார் சொன்னது என்று கேட்டேன். மேஸ்திரி சொன்னாராம். மேஸ்திரிக்கு யார் சொன்னது?

"அத்தெல்லாம் நாங்க இன்னாத்துக்குக் கேக்கறோம்மா?"

பக்கத்து வீட்டு முனியம்மாவை நினைவிருக்கிறதா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னா டாக்டரம்மா, எந்த ஊருக்குப் பயணம்? சொல்லவே இல்லியே!" பிறகு நம் அம்மிக்கல்லைப் பார்த்தாள். "இத்த எத்துக்கினு போவ மாட்டீங்க இல்ல? எனக்கு உட்டுட்டுப் போங்க." அவள் கேலிக்குத்தான் சொன்னாள். ஆனாலும் கல்லை இரண்டு தடவை பார்த்தாள்.

சுண்ணாம்பு மட்டும் என்றால் நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். நீதான் சொல்வாயே, சென்னையில் மருத்துவக் கல்லூரிக்குப் போய் நான் கற்றுக்கொண்டது எதையும் நம்பாமல் இருப்பதைத்தான் என்று. ஒரு குறியை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது என்றுதான் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே குறி ஒன்றல்ல. போன வாரம் கம்பெனி ஆஸ்பத்திரியில் எனக்கு மேலே இருக்கும் வெள்ளைக்கார டாக்டர் துரை மருந்தலமாரிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார், இன்னும் திருப்பித் தரவில்லை. சென்னையிலிருந்து ஒரு வெள்ளைக்கார நர்ஸ் வரப்போகிறாள் என்று கம்பவுண்டர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகும் டாக்டர் இரண்டு நாளாக நின்று என் சுகத்தை விசாரிக்கிறார். திடீரென்று மரியாதை கூடினால் என்ன அர்த்தம், அக்கா?

நேரே கேட்டுவிட்டால் என்ன என்று நீ நினைப்பாய். உன் வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்கிறார்.

"போயிக் கேட்டுட்டு வாயேன், சாரா. பெரிய படிப்புப் படிச்சவ, வாய் இல்லியா உனக்கு?"

"உங்களுக்கு யாராவது வாயால் சொன்னார்களா, மாமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் இருமிக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் வேலை போன அந்தக் காலையை நீ மறந்திருக்க மாட்டாய். நீ சோறு கட்டிக் கொடுத்தாய். சங்கு ஊதியதும் அவர் டைம் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றார். ஒவ்வொருவன் பெயராகக் கூப்பிட்டு அன்றைய வேலைக்கான பித்தளைப் பில்லையைக் கொடுத்தார்கள். பில்லை வாங்கியவனெல்லாம் சுரங்கத்தில் இறங்க ஷாஃப்டுக்குப் போனான். இவர் பெயரைக் கூப்பிடவே இல்லை. போ என்றும் சொல்லவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. முற்றம் காலியாகும் வரை நின்றுவிட்டு, சோற்றுத் தூக்கைத் திறக்காமலே திரும்பி வந்தார். கல் தூசி தின்ற நெஞ்சோடு இருப்பவருக்கு வேலை இல்லை என்பதை நாம்தான் புரிந்துகொண்டோம். இந்த ஊரில் எதையும் வாயால் சொல்வதில்லை. அப்படியிருக்க நான் எதற்காக வாயால் கேட்பது?

இப்படி எழுதினாலும், கேட்காததற்கு உண்மையான காரணம் வேறு. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வராத வரைக்கும் எஸ்தர் படிக்கலாம்.

உன் மகள் இப்போது என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். உபாத்தியாயினிப் பயிற்சிக்கு வேலூரில் இடம் கேட்டிருக்கிறோம். இன்று பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "சின்னம்மா, நம்ம வெளிய போவணும்னா நான் இங்கயே ஸ்கூல்ல சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். வேலூர் அப்புறமாப் பாத்துக்கலாம்" என்றாள். சாதாரணமாகச் சொல்வதுபோல் சொல்லப் பார்த்தாள். நான் கயிற்றை இறுக்கினேன். ஒருவர் சம்பளத்தில் நிற்கும் வீட்டில் எல்லாருக்கும் காது கூர்மையாகிவிடுகிறது. நான் ஒரு பெருமூச்சு விட்டால் மூன்று பேர் சாப்பாடு குறைகிறது. அதனால் பெருமூச்சையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

கோலாரில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடலாமா என்று யோசித்தேன். ஐம்பதை நெருங்கும் பெண்ணை யார் புதிதாக எடுப்பார்கள்? எழுதினால் அந்தச் செய்தி இங்கே வந்து சேராமல் இருக்குமா? பார், தபால்காரனையும் சந்தேகிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன், வாயால். பதில் என்னவானாலும் எஸ்தர் வேலூருக்குப் போவாள். மாமாவிடம் அப்படிப் பேசியதற்கு நாளைக் காலையில் அவருக்கு முதல் காபி.

உன் உடன்பிறந்த தங்கை,
சாரா

மறுநாள் சாயங்காலம் எழுதுவது:

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். டாக்டரின் பங்களாவைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே நாற்காலிகளெல்லாம் தோட்டத்தில் கிடந்தன. சுவரில் பாதிவரை புதுச் சுண்ணாம்பு. டாக்டர் படியில் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்குமுன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கள் வீட்டுக்கும் வந்தார்களா? ஏதாவது கேள்விப்பட்டீர்களா?" என்று கேட்டார். போன வாரமே ஆட்கள் வந்து பங்களாச் சுவரை அளந்துவிட்டுப் போனார்களாம்; சுண்ணாம்புக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று அவருடைய பட்லர் அப்போதே சொல்லிவிட்டானாம். வேறு டாக்டர் வந்தால் ஒப்படைக்க வேண்டுமே என்றுதான் சாவியை வாங்கி மருந்துகளைச் சரிபார்த்தாராம். என் சுகத்தை விசாரித்ததெல்லாம் என் வாயிலிருந்து ஏதாவது வருமா என்று பார்ப்பதற்கு.

அப்போது மேஸ்திரி வந்தார். "லண்டன்ல இருந்து கம்பெனிப் பெரிய துரை ஆஸ்பத்திரியப் பாக்க வர்றாராம். ஆஸ்பத்திரிக்காரங்க வூடெல்லாம் வெள்ளையடிக்கச் சொல்லிக்கீறாங்க" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சாவியை என் கையில் வைத்தார். நான் சிரிக்கவில்லை. நர்ஸைப் பற்றிக் கேட்டேன். "வெள்ளைக்காரர் வார்டுக்கு" என்றார். பிறகு, "இப்போதைக்கு" என்று சேர்த்துக்கொண்டார். அத்தனை தூரத்திலிருந்து ஒருவர் இந்த ஆஸ்பத்திரியைப் பார்க்க ஏன் வருகிறார் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமா சாமானையெல்லாம் உள்ளே வைத்திருந்தார். அம்மியை முனியம்மா ஒரு பக்கம் பிடித்தாளாம். சுவர் இன்னும் ஈரம். டிரங்குப் பெட்டியின் கயிற்றை மட்டும் அவிழ்க்க வேண்டாம், அந்தத் துரை வந்து போகட்டும் என்றேன்.

"உன் புடவையெல்லாம் அதுலதான கீது," என்றார் மாமா. "நாளைக்கு டூட்டிக்கு இன்னாத்தக் கட்டிக்கினு போவே?"

கயிற்றை அவிழ்த்தேன்.