பிரபுவின் தாய்மாமன்

திங்கள்
தூறல். குப்பைத் தொட்டி வெளியே வைக்க மறந்துவிட்டேன்.
படியில் எதிர்வீட்டு டெக்லன். அயர்லாந்துக்காரர், எழுபது தாண்டியவர், ஆயுள் முழுக்க அரசியல். இனிப் பிரபு. வியாழன் பிரபுக்கள் சபையில் பதவியேற்பு. லண்டன் ஸ்ட்ரெதமே இனி என் காலடியில் என்று அறிவித்தேன். சிரித்தார்.
பார்வையாளர் மாடத்தில் குடும்பத்துக்கு இரண்டு இருக்கை. குடும்பம் என்று மிச்சம் ஓர் அண்ணன், பெல்பாஸ்டில். "இங்கிலாந்து ராஜாவிடம் பட்டம் வாங்கிறவன் என்ர தம்பி இல்லை" என்றாராம். ஆனாலும் டெக்லன் அவருக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறார்.
மற்ற இருக்கை எனக்கு.

செவ்வாய்
மழை. வாங்க: சப்பாத்து மை, முழங்கால் தைலம், பாண்.
கடைக்கார யோகன்: "அண்ணை, லோர்ட் உங்களுக்கு என்ன முறை?"
"தாய்மாமன். நான் போகாமல் அங்கை ஒரு சடங்கும் நடக்காது."
"அப்ப சீர்வரிசை?"
"பதினாறு யானை ஹீத்ரோவில இறங்கீட்டுது. ஒண்டுக்குத்தான் விசா பிரச்சினை."
வீடு. சட்டை மடிப்பு சரியா என்று கேட்க ஆளில்லை. மனைவி பவளம் போய் நாலு வருஷம். கண்ணாடியைக் கேட்டேன், பேரழகன் என்றது.

புதன்
டெ. மூன்று தரம் கதவைத் தட்டினார். டை சரியா. நேரம் என்ன. மூன்றாந்தரம் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.
"முதல் எலெக்‌ஷனுக்கு எனக்குப் போஸ்டர் ஒட்டினது அண்ணன்தான். காலமை பிளேனில வந்தாலும் வருவான்."
"வருவார்" என்றேன். எனக்கென்ன தெரியும்.

வியாழன்
வெயில்!
மாடம். பக்கத்து இருக்கை பறிபோகாமல் அதன் முதுகில் என் கறுப்புக் கோட்டை மாட்டி, மேலே தொப்பியும் வைத்தேன். காவலர் வந்து, ஆள் வருகிறாரா என்றார். பெரும் பிரமுகர், ஹெலிகொப்டர் தாமதம் என்றேன். மறுபடி கேட்டார். காற்று எதிர்த்து வீசுகிறது என்றேன்.
கீழே டெ., சிவப்பு அங்கி, முன்னும் பின்னும் ஆட்கள். உறுதிமொழி, கையெழுத்து, கைகுலுக்கல். ஐந்தே நிமிடம். இடையில் மூக்குக்கண்ணாடி இல்லாமல் மேலே பார்த்தார். கையசைக்கக் கூடாதாம். அசைத்தேன்.
வெளியே ஓடிவந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.
"வந்திட்டான் என்ன! உமக்குப் பக்கத்தில கண்டனான். எங்கை அவன்?"
ரயிலுக்கு ஓடினார், அழுதார், ஆசீர்வதித்தார் என்று எதையும் சொல்லியிருக்கலாம். இப்படியான பொய் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.
"அது என்ர கோட்" என்றேன்.
தலையாட்டினார். பஸ்ஸில் இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி.

வெள்ளி
மூட்டம். பத்து மணிக்கு டெ. வீட்டுக்குத் தேநீர் கொண்டுபோனேன். உள்ளே பேச்சுக்குரல். தட்டவில்லை.
"நான்தான். உன்ர தம்பி. போனை வைச்சிடாதை."
திரும்ப எண் அழுத்தும் சத்தம்.
பிறகு மறுபடி, அதே குரல்: "நான்தான்."