சுவர் இடிந்த காரணம்

எருமப்பட்டி,
8-12-1983.

பிரியமுள்ள அவர்களுக்கு,

சாரதாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதிப் பழகிய கை அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அதனால் அதை விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன்.

அத்தையின் கருமாதி போன வாரம் முடிந்தது. நீங்கள் மத்தியப் பிரதேசத்தில் எந்தக் காட்டில் போர்க்கிணறு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்காகக் காத்திருக்க மழையும் விடவில்லை. கடைசியில் உங்கள் பெரியப்பா மகன் மயில்சாமிதான் கொள்ளி வைத்தார். பெற்ற மகன் இருக்கும்போது தான் வைக்கும்படி ஆயிற்றே என்று அவர் வாய்விட்டு அழுதார்.

திருச்செங்கோட்டில் உங்கள் ரிக் கம்பெனி ஆபீசுக்குப் போயிருந்தேன். மேனேஜர் குமாரசாமி அண்ணன், உங்களுக்கு டிரங்க் காலில் தகவல் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "செவுரு உழுந்து அம்மா தவறிட்டாங்கன்னு சொன்னேன் அம்மணி. எந்தச் செவுருன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டான். சமையக்கட்டுச் செவுருன்னேன். போனை வெச்சுட்டான்" என்றார். பெற்ற தாய் போன சேதி கேட்டு ஒருவன் இப்படியா கேட்பான் என்று அவருக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை வேறு யாராவது கூட்டியும் குறைத்தும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் விடாத மழை. விடிந்ததும் நான் பால் கறக்கப் போனேன். அத்தை உங்கள் அப்பாவுக்கு வெந்நீர் வைக்க அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். விறகு நனைந்திருக்கிறது, புகைகிறது என்று என்னைத் திட்டியது காதில் விழுந்தது. அடுத்து சத்தம்தான். சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து, அதன் மேல் ஓட்டுக் கூரையும் இறங்கிவிட்டது. மண்ணை அள்ளி அத்தையை எடுத்தபோது உயிர் இல்லை. போலீசார் வந்து, மழையில் சுவர் இடிந்து விழுந்து மரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் இப்போது முன்பக்கத்து ஆசாரம் மட்டும் நிற்கிறது. அதன் சுவரிலும் கை நுழையும்படி வெடிப்பு. நானும் உங்கள் அப்பாவும் மாட்டுச்சாளையில் இருக்கிறோம். எருமைக்கு ஒரு பக்கம், எங்களுக்கு ஒரு பக்கம். எருமைக்குத்தான் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. உங்கள் அப்பா யாரிடமும் பேசுவதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார், வைக்க மறந்தால் கேட்பதில்லை.

இனி காரியம். மோட்டாருக்குக் கடன் வாங்கியபோது வீட்டையும் இன்சூரன்ஸ் செய்தே ஆக வேண்டும் என்று வங்கி மேலாளர் சொன்னாரே, மண் சுவருக்குக்கூட இன்சூரன்ஸா என்று நீங்கள் சிரித்தீர்களே, அது இப்போது உதவும் போலிருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்த ஏஜென்ட், புயல் மழையில் வீடு இடிந்தால் பணம் உண்டு என்றார். மறுபடி கூரை போட அதை விட்டால் நமக்கு வேறு வழி கிடையாது. பாகம் பிரித்தபோது வீடு உங்கள் பெயருக்கு வந்ததால் பாலிசியும் உங்கள் பெயரில்தான். ஆகவே இன்சூரன்ஸ் பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்து வேண்டும். கிராம அதிகாரியின் சான்றுக்கும் போலீஸ் நகலுக்கும் நான் நாமக்கல்லுக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருக்கிறேன். பெண்பிள்ளை தனியாக வருகிறாளே என்று பார்த்தவர்களெல்லாம் இப்போது, வந்துவிட்டாள் பார் என்று பார்க்கிறார்கள்.

ஏஜென்ட் இன்னொன்றும் சொன்னார். அந்தக் குழியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாதாம். வீட்டுக்காரர் தானே சுவரடியில் குழி வெட்டி, அதனால் சுவர் இறங்கியது என்று தெரிந்தால் ஒரு பைசா கிடைக்காதாம். எந்தக் குழி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்காளிகள் அதை ஏற்கெனவே மூடிவிட்டார்கள். ஏமாற்றுவதற்காக அல்ல. உயிர் குடித்த குழி வாயைத் திறந்துகொண்டு கிடக்கக் கூடாது என்று கருமாதிக்கு முன்னாலேயே காட்டிலிருந்து செம்மண் கொண்டுவந்து கொட்டி, மேலே மஞ்சள் நீர் தெளித்தார்கள். நல்லதாகப் போயிற்று என்றார் ஏஜென்ட். எனக்கு அவரை அறையலாம் போல் இருந்தது. ஆனால் அவர் சொன்னபடிதான் செய்யப் போகிறேன். மழை பெய்தது நிஜம், சுவர் விழுந்தது நிஜம். நடுவில் உள்ளதைச் சொல்லாமல் இருந்துகொள்கிறேன்.

பாரத்தைத் தபாலில் அனுப்பினால் போதும் என்று ஏஜென்ட் சொல்கிறார். நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி
சாரதாமணி


எருமப்பட்டி,
10-1-1984.

பிரியமுள்ள அவர்களுக்கு,

பாரம் கையெழுத்தாகி வந்து சேர்ந்தது. உறைக்குள் வேறு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. உதறிப் பார்த்தேன். உங்கள் அப்பா சாளை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. நான் வெறும் உறையை மடித்து இடுப்பில் செருகியதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அன்று நீங்கள் எதிரில் இல்லாமல் போனது உங்கள் நல்ல காலம்.

பாரத்தைக் கொடுத்தேன், சேலத்தில் இருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். நடந்ததை உங்களிடம் சொல்லக் கூடாது என்று உங்கள் அப்பா என்னிடம் சத்தியம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. எனவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

சர்வேயர் கெட்ட மனிதர் இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். இடிந்ததை அளந்தார், படம் எடுத்தார், அத்தை போனதற்கு வருத்தம் சொன்னார். நான் ஒப்புவிக்கப் பழகியதை ஒப்புவித்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது. சமையற்கட்டின் பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். நம் வாசல் முழுக்கக் கரிசல், அந்த இடத்தில் மட்டும் செம்மண் திட்டு. பத்தடி தள்ளி நம் வண்டித்தடத்தில் வேண்டுமட்டும் கரிசல் கிடந்தது. ஆனால் துக்கத்துக்கு மூடுகிற குழிக்கு வாசல் மண்ணை எடுக்க மாட்டோம் என்று பங்காளிகள் காட்டு மண்ணைக் கொண்டுவந்தார்களே, அது காட்டிக்கொடுத்துவிட்டது. இது என்ன புது மண் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக் குப்பாயி அக்கா, "அது போர் போட்டப்போ சேறு வடிய இவ ஊட்டுக்காரரு மருதாசலம் வெட்டுன குழிங்க. பொறவு தொட்டி கட்டோணும்னு அப்படியே உட்டுட்டுப் போயிட்டாப்புல" என்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

சர்வேயர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பாலிசி உங்கள் பெயரில் இருப்பதால் குழியைப் பற்றி உங்களைத்தான் கேட்டாக வேண்டும் என்றார். குழியை எதற்கு வெட்டினீர்கள், சுவரில் இருந்து எவ்வளவு தள்ளி வெட்டினீர்கள், தண்ணீர் நின்றால் சுவர் இறங்கும் என்று தெரியுமா தெரியாதா என்று எழுதிக் கேட்பார்களாம். நீங்கள் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். வடக்கே எங்கே இருந்தாலும் ஆள் அனுப்பியாவது வாங்கிவிடுவோம் என்றார். ஆபீஸ் நடைமுறையைத்தான் சொன்னார். அம்மாவைக் கொன்றது என் குழிதான் என்று உங்கள் கையாலேயே எழுத வைத்துவிடுவார்கள் என்று எனக்கு உறைத்தது.

அப்போதுதான் உங்கள் அப்பா சாளையில் இருந்து எழுந்து வந்தார். அத்தை போனதில் இருந்து நான் அவர் குரலைக் கேட்கவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "அந்தக் குழி நான் வெட்டச் சொன்னதுங்க" என்றார். "பையன் வேண்டாமுன்னுதானுங்க சொன்னான். செவுத்தோரம் போர் போடக் கூடாது, தள்ளிப் போடலாமுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டான். நீரோட்டம் பாத்தவரு கையில தேங்கா நிமுந்து நின்ன எடத்துலதான் போடோணுமுன்னு நாந்தானுங்க ஒத்தக் கால்ல நின்னேன். குழியத் தூத்தர்றேன்னவனையும் உடல. அப்படியே இருக்கட்டும், எருமைக்குத் தண்ணி காட்டலாமுன்னேன்" என்றார். ஒரு மூச்சில் சொன்னார். மனதுக்குள் பல நாள் சொல்லிப் பார்த்தவர் போலச் சொன்னார்.

நானும் அன்று அந்த வாசலில்தானே இருந்தேன். ரிக் வண்டி ஊர் திரும்பிய நேரத்தில் முதலாளியிடம் கெஞ்சி நம் வீட்டுக்கு ஓட்டிவந்து, அத்தை இனி ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்று நீங்கள் நின்ற நிற்பு எனக்குத் தெரியாதா? தேங்காய் நின்ற இடத்தை விட்டு ஒரு முழம் நகர மாட்டேன் என்றது யார், மண் சுவர் தாங்காது சாமி என்று திரும்பத் திரும்பச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாதா? தண்ணீர் பீறிட்டபோது அத்தை சேற்றோடு உங்கள் தலையைத் தடவினார்கள். அதற்குப் பிறகு உங்கள் அப்பாவும் தடை சொல்வதை விட்டுவிட்டார். அன்று நீங்கள் சொன்னதையெல்லாம் தான் சொன்னதாகவும், தான் சொன்னதையெல்லாம் நீங்கள் சொன்னதாகவும் சர்வேயரிடம் மாற்றிச் சொல்லிவிட்டார்.

சர்வேயருக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். இப்படிச் சொன்னால் கிளைம் நிற்காது, யோசித்துச் சொல்லுங்கள் பெரியவரே என்று இரண்டு முறை சொன்னார். "போனாப் போகுதுங்க. இனி அவன ஒண்ணும் கேக்காதீங்க சாமி" என்று உங்கள் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சர்வேயர் எழுதியதைப் படித்துக் காட்டினார், இவர் கைநாட்டு வைத்தார். சென்னியப்பக் கவுண்டர் யார் முன்னாலும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. உங்களுக்கு இனி எந்தக் கேள்வியும் வராது என்று சர்வேயர் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒவ்வொரு ஆபீசாக நான் தேய்ந்த தேய்ச்சலெல்லாம் ஒரு கும்பிடில் போயிற்றே, இனி கூரைக்கு எங்கே போவது என்று அவரிடம் கத்திவிட்டேன். "அவன் பேரு எந்தக் காயிதத்துலயும் வரக் கூடாது அம்மணி" என்றார். பிறகு எருமையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். நான் இடிந்த மண்மேல் உட்கார்ந்து, அத்தை போன அன்றைக்குக்கூட அழாத அழுகை அழுதேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. அவர் வாசலில் நின்று சொன்னதைக் குப்பாயி அக்காவும் கேட்டாள், ஊரும் கேட்டது. கிழவனின் பிடிவாதம் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டது என்று இப்போது பேச்சு. நேற்று ராசிபுரத்தில் இருந்து உங்கள் தாய்மாமன் செங்கோடன் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "எங்கக்காள மண்ணுல பொதைக்கவா ஊட்டுக்குக் கூட்டியாந்தீங்க?" என்று கேட்டார். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். உங்கள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டார். நான் உண்மையைச் சொல்லப் போனேன், கண்ணாலேயே தடுத்துவிட்டார். இரண்டு நாளாக அவர் சோறும் சரியாக எடுப்பதில்லை.

உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. தாய்க்குத் தண்ணீர் கொண்டுவர வெட்டிய குழி அது. இதை நான் உங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன், நீங்கள் இடம் கொடுக்கவில்லை. உங்கள் வேதனை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய, பாதி வயதுக்காரனுக்குக்கூடத் தாங்காத ஒரு சுமையை இங்கே ஒருவர் வேண்டுமென்றே தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். உங்கள் மாமனிடமும் ஊரிடமும் நான் உண்மையைச் சொன்னால் அவர் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடுவார். அவரால் மறுக்க முடியாத ஆள் நீங்கள் ஒருவர்தான்.

கையெழுத்து இனி எதற்கும் தேவையில்லை. உங்களை வரச் சொல்ல என்னிடம் ஒரு காகிதமும் மீதி இல்லை. குமாரசாமி அண்ணன் இந்தக் கடிதத்தை டீசல் கொண்டுபோகிற லாரியில் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதே லாரி திரும்பும்போது அதில் ஏறிவிடுங்கள். வந்து யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், முதலில் உங்கள் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். அவர் உங்களுக்காகச் சொன்ன பொய் தனியாகச் சுமந்தால் அவரைக் கொன்றுவிடும்.

முனியப்பசாமி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி
சாரதாமணி